அப்பாவின் இழைப்புளி

எங்கள் வீட்டில் ஓர் இழைப்புளி இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதியவுடன் பேனா தயங்குகிறது. இப்போதும் இருக்கிறது. ரேழி அலமாரியின் மேல் தட்டில், எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஆனால், அப்பா விட்டுப் போன இழைப்புளி அதுதானா என்று கேட்டால் நான் ஒரு பதில் சொல்வேன். என் அண்ணன் வேறு பதில் சொல்வார். ஆசாரியைக் கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

சிறு பிராயத்தில் எனக்கு அந்தப் பெயரே விசித்திரமாக இருந்தது. சமையலறை ஜாடியில் ஒரு புளி, அப்பாவின் பெட்டிக்குள் ஒரு புளி. இரண்டையும் தொடக் கூடாது என்று உத்தரவு. இரண்டும் ஒரு ஜாதிதான் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது புளி அல்ல, இழைப்பு உளி என்று பிரித்துச் சொல்லப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வர வேண்டியிருந்தது.

உண்மையில் அது உளிதான். வெறும் உளியைக் கையில் பிடித்துப் பலகையில் ஓட்டினால், நார் இழுத்த பக்கமெல்லாம் போகும்; நார் கிழிந்த இடத்தில் ஆழமாக இறங்கிவிடும். அதே உளியை ஒரு கட்டைக்குள் சாய்வாகச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, முனை மட்டும் காகிதக் கனத்துக்கு வெளியே தெரியும்படி விட்டால் அதற்கு ஓர் அடக்கம் வந்துவிடுகிறது. கட்டையின் அடி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அது செதுக்கும். இந்தச் சின்ன யோசனை மனிதனுக்கு எப்போதோ தோன்றிவிட்டது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடிய பாம்பேயி நகரத்தைத் தோண்டியபோது இழைப்புளிகளும் கிடைத்தன. 1545-ல் மூழ்கி, 1982-ல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற இங்கிலீஷ் போர்க் கப்பலிலும் தச்சர்களின் இழைப்புளிகள் இருந்தன. அவற்றை நம் ஊர் ஆசாரி கையில் கொடுத்தால், இது என்ன என்று கேட்க மாட்டார். தகட்டைத் தீட்ட வேண்டும் என்பார்.

அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தச்சர். 1961-ல் எங்கள் ஊர் ஆசாரி ஈட்டி மரத்தில் பத்து அங்குல நீளக் கட்டை ஒன்றைக் கடைந்து கொடுத்தார். தகடு மட்டும் சென்னையில், 1985-ல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட்டில், அப்பா பேரம் பேசி வாங்கியது. அதில் ‘ஷெஃபீல்ட்’ என்று பொறித்திருக்கும். அந்த எழுத்துகளை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். செய்த சாமான்களை அவ்வளவு தைரியமாகக் காட்ட மாட்டார். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது உலகத்து நியதி. அப்பாவின் முக்காலியும் ஆடாது, சாயும். ஆனால் சுருள் சுருளாக மரச் சீவல் விழும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரு நாளும் காணாத முகம். முப்பது வருஷத்தில் கட்டையின் இடது பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்து ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அப்பா 1994-ல் காலமானார். அண்ணன் புனாவில் உத்தியோகத்தில் இருந்தார். வீடு என்னிடம், நிலத்தை விற்ற பணம் இருவருக்கும் சமம் என்று பேசி முடித்தோம். இழைப்புளியைப் பற்றி இருவருமே பேசவில்லை. வருகிறபோதெல்லாம் அண்ணன் அதை எடுத்துப் பார்ப்பார். தடவிவிட்டுத் திரும்ப வைப்பார். ஒரு தடவை, “ரிட்டயரான பிறகு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து அதிலே வைக்கணும்டா” என்றார். யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிற்று. மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள், வாரிப் போட்ட சீப்புப் பல் மாதிரி கிடந்தன. எங்கள் வாசல் மாமரம் வேரோடு சாய்ந்து, முன்கூடத்து ஜன்னல் ஒன்றைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. மாட்டுக் கொட்டகையும் விழுந்தது. அதிகச் சேதம் எங்களுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் கூரையே இல்லாத வீடுகள் இருந்தன.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். தாத்தா 1936-ல் வீடு கட்டியபோது முன்கூடத்துக்கு ஆறு ஜன்னல் வைத்தார். ஆறுக்கும் சட்டத்தின் விளிம்பில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு வளைவு ஓடும். மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், இரண்டும் அன்னத்தின் கழுத்துப் போல் ஒன்றில் ஒன்று இறங்கும். அதை ஒட்டி ஒரு மெல்லிய கோடு. எண்பது வருஷமாக அதன் மேல் பூச்சுக்கு மேல் பூச்சாக வர்ணம். வருஷா வருஷம் பொங்கலுக்கு அதில் தூசி துடைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணனுக்கு மூன்று ஜன்னல், எனக்கு மூன்று.

பத்து நாள் கழித்துத்தான் ஆசாரி வந்தார். அப்பாவுக்கு இழைப்புளி செய்து கொடுத்தவரின் மகன், எழுபது வயது. ஊரில் விழுந்த வீடுகளைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வர அவ்வளவு நாள் ஆயிற்று. மின்சாரம் இன்னும் வரவில்லை. மின் இழைப்பு மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைச் சாக்கு போட்டு மூடிவிட்டு, பரணில் கிடந்த கை ரம்பத்தைத் தேடி எடுத்த காலம் அது. தெருவெல்லாம் தேக்கு சாய்ந்து கிடந்தது. “அதிலே செய்யலாமே” என்றேன். ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பச்சை மரம் சார். காய்ந்தா சுருங்கும், முறுக்கும். மாட்டுக் கொட்டகை உத்திரம் விழுந்து கிடக்கே, அது தேக்குதானே? அதை அறுத்துக்கலாம்” என்றார்.

மரம் கிடைத்துவிட்டது. வளைவுதான் கிடைக்கவில்லை. செல்போன் அப்போதுதான் உயிர் பெற்றிருந்தது. என் பேரன் உடைந்த சட்டத்தைப் படம் பிடித்து மன்னார்குடியில் ஒரு கடைக்கு அனுப்பினான். மெஷினில் மாட்டும் வெட்டுத் தகடு கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது, கரண்டு வந்ததும் செய்யலாம் என்று பதில் வந்தது. கிட்டத்தட்ட! ஐந்து ஜன்னல்கள் ஒன்றாகவும் ஆறாவது கிட்டத்தட்டவும் இருந்தால், வருகிறவன் கண் அந்த ஆறாவதில்தானே விழும்? அச்சாக இதே வளைவுக்குத் தகடு செய்தால் ஜன்னலைவிட அது விலை.

மேல் நாட்டில் பழைய நாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. வளைவுக்கு ஒன்றாக இழைப்புளி வைத்திருப்பார்கள். ஒரு தச்சரிடம் டஜன் கணக்கில் இருக்கும். அமெரிக்காவில் ஸ்டான்லி கம்பெனி 1897-ல் 55-ம் நம்பர் என்று ஒன்றைச் செய்து, ஒரே இழைப்புளிக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட தகடுகளைக் கொடுத்துப் பார்த்தது. எங்கள் ஆசாரியின் பையில் இருந்தவை மூன்று. மூன்றும் மட்டமான அடி கொண்டவை.

“உதவுமா பாருங்கள்” என்று அப்பாவின் பெட்டியைத் திறந்து வைத்தேன். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே இழைப்புளியை எடுத்தார். கவிழ்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியைப் பார்த்தார்.

“இதைக் குடுங்க சார். அடியை வெட்டி, இந்த வளைவுக்கே பண்ணிடறேன்.”

எனக்குப் பகீரென்றது. “அது அப்பாவுடையது” என்றேன்.

“தெரியுமே. எங்கப்பா செஞ்சதுதானே?”

“அதனால்தான் சொல்கிறேன்.”

“எங்கப்பா வாயைக் கொஞ்சம் அகலமா வெட்டிட்டாரு. சன்னமா இழைக்க இது லாயக்கே இல்லை. பெரியவர் பாவம், இதை வெச்சுக்கிட்டு முப்பது வருஷம் மல்லுக்கட்டியிருக்காரு. கூலி பாக்கி வெச்சாரோ என்னமோ!”

அப்பாவின் முக்காலி சாய்ந்ததற்குக் காரணம் ஐம்பத்தேழு வருஷம் கழித்து எனக்குத் தெரிய வந்தது. சிரிப்பு வந்தது; ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ராத்திரி அவகாசம் கேட்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனைக் கேட்க நினைத்தேன், போன் கிடைக்கவில்லை என்று பின்னால் பலரிடம் சொன்னேன். முதல் வாரம் கிடைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆசாரி கேட்ட அன்று கிடைத்தது. கேட்டால் ‘கூடவே கூடாது’ என்பார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. காலையில் ஆசாரியிடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வேலை நான்கு நாள் நடந்தது. முதலில் ஆசாரி மெல்லிய ரம்பத்தால் அடியின் ஒரு விளிம்பை நீளவாக்கில் அறுத்து எடுத்தார். சட்டத்தின் ஓரத்தில் அணைந்து ஓட அங்கே ஒரு படி வேண்டும். விரல் அகலம், பத்து அங்குல நீளம். ஒரு துண்டு தனியே வந்து விழுந்தது. அதன் ஒரு முகம் மட்டும், முப்பது வருஷம் தேக்கில் ஓடி ஓடிக் கண்ணாடியாகப் பளபளத்தது. நான் அதைக் குனிந்து எடுத்து மாடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியாது.

பிறகு, உடைந்த ஜன்னல் சட்டத்தில் நல்லதாக ஓர் அடி நீளத் துண்டை வெட்டி, வர்ணத்தையெல்லாம் சுரண்டி, அதன் மேல் காவிப் பொடியைத் தடவினார். அதன் மேல் இழைப்புளியை வைத்து அழுத்தி எடுப்பார். அடியில் காவி ஒட்டின இடமெல்லாம் மேடு. அதைச் சின்ன உளியால் சுரண்டுவார். மறுபடி காவி, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். எத்தனை தடவை என்று எண்ண முயன்று அறுபதில் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் அடி முழுவதும் ஒரே சீராகச் சிவந்தது. ஜன்னலின் மேடு இழைப்புளியில் பள்ளமாகவும், ஜன்னலின் பள்ளம் இழைப்புளியில் மேடாகவும் இறங்கிவிட்டது.

அடியை வெட்ட வெட்ட, ஏற்கெனவே அகலமாக இருந்த வாய் இன்னும் அகன்றது. வாய் அகன்றால் சீவலுக்கு முன்னால் நாரை அமுக்கிப் பிடிக்க ஆளில்லை. மரம் பிய்ந்து வரும். ஆகவே வாய்க்கு முன்னால் ஒரு துண்டு பதித்து ஒட்டினார். என்ன மரம் என்று கேட்டேன். “புளிய வைரம் சார். இதுக்கு மேலே தேயாத மரம் ஏது?” என்றார். சிறு பிராயத்தில் நான் நம்பியது கடைசியில் பலித்துவிட்டது. எங்கள் இழைப்புளியில் நிஜமாகவே புளி சேர்ந்தது.

தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு ராத்திரி சாம்பலில் புதைத்து ஆற வைத்திருந்தார். அப்போதுதான் எஃகு இளகி அரத்துக்கு மசியும். அடி முடிந்ததும் தகட்டுக்குக் கரி தடவி, அதன் இடத்தில் செருகி, ஆப்பை இறுக்கி, அடியின் வளைவை ஒட்டி ஊசியால் கோடு கிழித்தார். “ஜன்னலிலிருந்தே நேரே படி எடுத்துத் தகட்டில் வரைந்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன். கதை எழுதுகிறவன் கேட்கக் கூடிய கேள்விதான்.

ஆசாரி பொறுமையாகச் சொன்னார். தகடு நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்து நிற்கிறது. ஜன்னலில் நாலு நூல் ஆழம் என்றால், சாய்ந்த தகட்டில் ஐந்தரை நூலுக்குக் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும். நாலு நூலே வெட்டினால் மரத்தில் மூன்று நூலுக்கும் குறைவாகத்தான் விழும். நான் பேரனைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். நாற்பத்தைந்து டிகிரி சாய்வுக்கு ஒன்றுக்கு 1.41 வரும் என்றான். நாலை அதால் பெருக்கினால் 5.64. ஆசாரி பெருக்கவில்லை. அந்த ஊசிக் கோடே அவருக்காகப் பெருக்கிக் கொடுத்துவிட்டது.

அரத்தால் ராவி முடித்த தகட்டை மறுபடி கரி நெருப்பில் வைத்துத் துருத்தி ஊதினார். பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை அடிக்கடி கிட்டக் கொண்டு வந்தார். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். ஒட்டாத அந்த க்ஷணத்துக்குப் பின் இன்னும் கொஞ்சம் சிவக்க விட்டு, எண்ணெயில் சொருகினார். இப்போது தகடு கண்ணாடி மாதிரி: கடினம், ஆனால் தட்டினால் உடையும். மறுபடி மெதுவாகச் சூடு காட்டி, தேய்த்த பளபளப்பில் வைக்கோல் நிறம் ஓடியதும் நிறுத்தினார். அந்த ஒரு நிறத்தில்தான் கடினமும் பொறுமையும் சமமாக நிற்குமாம். அதிகக் கடினமும் ஆகாது, அதிக இளக்கமும் ஆகாது என்பது எனக்கும் தெரிந்த பாடம்தான். எந்த நிறத்தில் நிறுத்துவது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

கடைசி நாள் எனக்கும் வேலை வந்தது. ஒன்றரை அங்குல வளைவை ஒரே வீச்சில் தேக்கில் இழைக்க ஒரு ஆள் பலம் போதாது. கட்டையின் முன்புறம் துளையிட்டு, குறுக்கே ஒரு குச்சி செருகி, அதில் கயிறு கட்டி என் கையில் கொடுத்தார். அவர் பின்னாலிருந்து தள்ள, நான் முன்னாலிருந்து இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் கயிறு என்னை இழுத்தது. இரண்டாவதில் இழைப்புளி துள்ளிற்று. “அவசரப்படாதீங்க சார். நான் தள்றப்ப மட்டும் இழுங்க” என்றார். பத்தாவது இழுப்பில் எனக்கு அந்தத் தாளம் பிடிபட்டது. தேக்கில் மணல் சத்து உண்டு. முனை சீக்கிரம் மழுங்கும். இரண்டு தடவை நிறுத்தித் தீட்டினோம். பிறகு, வளைவு முழுவதும் ஒரே சுருளாக, எங்கும் அறாமல், நாடா மாதிரி வெளியே வந்தது. பழைய உத்திரத்துக்குள் இத்தனை வருஷம் அடைந்து கிடந்த தேக்கு வாசனை கூடமெல்லாம் பரவிற்று. எனக்கு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை முகம் ஞாபகம் வந்தது. என் முகமும் அப்போது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

தை மாதம் அப்பாவின் திதிக்கு அண்ணன் வந்தார். சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்தார், இழைப்புளியை எடுத்தார், கவிழ்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“யாருடா இப்படிப் பண்ணினது?”

சொன்னேன். “உன்னைக் கேட்கலாம் என்றுதான் பார்த்தேன் அண்ணா. போன் கிடைக்கவில்லை.”

“அப்படியா? அன்னிக்குச் சாயங்காலம் உன் பேரன் உடைஞ்ச ஜன்னலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினானே. நான்கூடப் பதில் போட்டேனே.”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இந்த வயதில், அண்ணன் முன்னால், பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட பையனாக நின்றேன்.

அண்ணன் மேலே கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் ஒவ்வொரு ஜன்னலாக விளிம்பில் விரலை ஓட்டினார். ஆறுக்கும் ஒரே வர்ணம் அடித்திருந்தோம். நான்காவதில் நின்றார்.

“இதுதான் புதுசு.”

“எப்படித் தெரிந்தது?”

“மத்ததெல்லாம் மழுங்கியிருக்கு. இது மட்டும் கூரா இருக்கு.” விரலை மறுபடி ஓட்டினார். “ஆனா, அதேதான்” என்றார்.

பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டார். கட்டையின் இடது பக்கத்தை ஆசாரி தொடவில்லை. கட்டைவிரல் பள்ளம் இருந்தபடியே இருந்தது. அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் கழித்துக் கேட்டார்:

“இனிமே இதாலே சாதாரணப் பலகையை இழைக்க முடியாதா?”

“முடியாது அண்ணா.”

“வேறே எதுக்குமே உதவாதா?”

“இந்த வீட்டு ஜன்னல் ஒன்றுக்குத்தான் உதவும்.”

“அப்போ நான் எடுத்துக்கிட்டுப் போய் என்ன பண்றது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கேள்வியாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்காகத்தான் கொடுத்தேன் என்பது சத்தியம். ஆனால், இருபத்து நான்கு வருஷமாக இருவரும் பேசாமல் விட்டிருந்த ஒரு பங்கை, அந்த ஒரு ராத்திரியில், நான் என் பக்கமாக இழைத்துக்கொண்டுவிட்டேன். வீட்டுக்குத் தகுந்த கருவியாகிவிட்டது. ஆகவே வீட்டில் இருப்பவனுடையதாகிவிட்டது.

அதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். போன் கிடைத்ததையும் சொன்னேன். அவர் ஊஞ்சலை ஒரு தடவை ஆட்டினார். “கண்ணாடிப் பெட்டிக்குள்ளே வெச்சிருந்தா அப்பா திட்டியிருப்பார். கேட்காமப் பண்ணினதுக்கும் திட்டியிருப்பார்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது மாடத்தில் இருந்த துண்டைக் கொண்டு வந்து கொடுத்தேன். ஆசாரி முதலில் அறுத்து எடுத்த, பத்து அங்குல நீளம், விரல் அகலம். அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பளபளத்த முகத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். தோள் துண்டை எடுத்து, சுற்றி, கைப்பெட்டியில் வேஷ்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

இழைப்புளி அலமாரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தகட்டுக்கு எண்ணெய் போடுகிறேன். இன்னும் ஐந்து பழைய ஜன்னல்கள் இருக்கின்றன. வடகோடி ஜன்னலில் அடிச்சட்டம் லேசாக உளுக்க ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “கயிறு இழுக்க நானும் வர்றேன்” என்றார்.